பாதி ஷ்னிட்சல் பரணி

வாழிய ஏக்கார்ட்! ஓல்டன்பர்க் நகர் ஈன்ற ஒப்பிலா மைந்தனே, சென்ற விருந்திலெல்லாம் அடுத்தவர் தட்டையும் துடைத்தெடுத்த தடந்தோளனே, இன்றோ தன் தட்டிலேயே பாதியை மிச்சம் வைப்பேனென்று ஞாலம் நடுங்கச் சூளுரைத்த செம்மலே, வாழிய! ரொட்டித்தூள் கவசம் பூண்டு பொன்னிறமாய்ப் பொரிந்த பன்றியிறைச்சித் தகடாம் ஷ்னிட்சலோடு அவன் பொருத பெரும்போரைப் பாடப் புகுந்தோம். வெண்ணெய்த் தெய்வமே, எம் நா வழுக்காது காப்பாயாக!

போருக்கு மூலம் ஒரு பொத்தான். மறுநாள் தோழி வீப்கெயின் திருமணம். அவளது ஆப்பிள் தோட்டத்தில், திறந்த வானின்கீழ், எழுபது விருந்தினர் முன்னிலையில் மணச்சாட்சியாய் நிற்க வேண்டியவன் ஏக்கார்ட். அதற்கென எடுத்து வைத்த கருநீலக் கால்சட்டையோ, மூச்சடக்கி, வயிற்றை முதுகுக்கு அறிமுகம் செய்துவைத்தால் மட்டுமே பூட்டும். "பிரிச்சு விட இனிமே துணி இல்ல சார். குறைக்கணும்னா உங்களைத்தான் குறைக்கணும்" என்று தையற்காரரும் கைவிரித்துவிட்டார்.

ஆகவே வெள்ளி நண்பகலில், மணமகளும் ஆருயிர்த் தோழன் மால்டெயும் இருமருங்கும் வர, 'கொழுத்த வாத்து' உணவகத்துள் புகுந்த அக்கணமே ஏக்கார்ட் முழங்கினான்: "கேட்டுக்கங்க! பாதிதான். அதுக்கு மேல ஒரு துண்டு உள்ள போகாது!"

"போன கிறிஸ்துமஸுக்கும் இதையேதான்டா சொன்ன," என்றான் மால்டெ. "அப்புறம் என் வாத்துக்காலைக் காணோம்."

வந்தது ஷ்னிட்சல். தட்டின் எல்லைகளை நாற்றிசையும் மீறி, அண்டை நாடுகளை விழுங்கிய பேரரசுபோல் மேசைவிரிப்பின்மேல் நிழல்வீழ்த்தி, கொழுப்பில் முறுகிய உருளைக்கிழங்குக் காலாட்படை பக்கம் காக்க, எலுமிச்சை வட்டம் மஞ்சட் கொற்றக்குடையாய் உச்சியில் கவிய, ஆவி பறக்க வந்தமர்ந்தது. கரும்புக்காட்டில் களிறு புகுந்தாற்போல் பாய்ந்தது ஏக்கார்ட்டின் கத்தி. ஆயினும் என்னே அவன் அடக்கம்! நட்டநடுவே கோடு கிழித்து, இப்புறம் என் உணவு, அப்புறம் என் பகை என வகுத்து, தன் பாதியை முடித்ததும் கத்தியையும் முள்கரண்டியையும் அருகருகே கிடத்தி, வாய் துடைத்து, வாகை சூடிய வேந்தனாய்ச் சாய்ந்தமர்ந்தான்.

அப்போது வந்து நின்றாள் உணவகத் தலைவி கெசீனா, நாற்பதாண்டுகளில் ஒரு மிச்சத்தட்டையும் மன்னித்தறியாத மாதரசி.

"ஏன் தம்பி, நல்லா இல்லையா?"

"பிரமாதம்மா. பாதியை டப்பால கட்டிக் குடுத்துடுங்க."

"கட்டித் தரேன். ஆனா தட்டு காலியானாத்தான் நாளைக்கு வெயில்னு உங்கம்மா சொல்லித் தரலையா? வானம் தட்டைத்தான் பாக்கும், டப்பாவ இல்ல."

அந்நாட்டுப் பிள்ளைகள் யாவரும் கஞ்சியோடு விழுங்கி வளர்ந்த அம்முதுமொழி, இடியென விழுந்தது. மணமகளின் முள்கரண்டி அந்தரத்தில் நின்றது. கூடாரம் போட்டால் மழைக்குப் பத்திரிகை வைத்த மாதிரி என்று கூடாரத்தையே வேண்டாமென்றவள் அவள்.

"எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை கிடையாதுடா," என்றாள் வீப்கெ, அவன் தட்டையே பார்த்தபடி. "சும்மா... ஒரு வாய் மட்டும்..."

"மால்டெ, நீ சாப்பிடேன்டா!"

"அது உன் தட்டு மச்சி. என் தட்டைப் பாரு, என் பங்கு வெயில் ரெடி. எழுபது பேர் நனைஞ்சாலும் பரவால்ல, உனக்குப் பொத்தான்தானே பெருசு?"

அந்தோ! ஒருபால் ஒற்றைப் பொத்தான். ஒருபால் உயிர்த்தோழியின் கண்ணில் திரண்ட கார்மேகம். மானமா நட்பா என மருண்ட நெஞ்சம் நட்பின் பக்கம் சாய, உறங்கிய கத்தி உறுமி எழ, கோடு தகர, மூன்றாம் கவளத்தில் நெற்றி வியர்க்க, ஐந்தாம் கவளத்தில் இடைவார் ஒரு துளை பின்வாங்க, எட்டாம் கவளத்தில் கண் செருக, "நாளைக்கு வெயில் மட்டும் அடிக்கல, கொன்னுடுவேன்!" என்று விண்ணை நோக்கி அறைகூவி, கடைசித் துண்டையும் கடைசி உருளையையும் எலுமிச்சைக் குடையோடு சேர்த்து விழுங்கினான் வீரன். வெற்றுத் தட்டைக் கெசீனா சன்னலோரம் உயர்த்தி வானுக்குக் காட்டினாள். வீப்கெ அவனைக் கட்டிக்கொள்ளப் போய், அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோளை மட்டும் தட்டினாள்.

மறுநாள் நல்ல மழை, எல்லோரும் ரெயின்கோட்டோடேயே நின்றார்கள், பொத்தான் அறுந்ததை யாரும் பார்க்கவில்லை.