சோளக்காட்டில் மாட்டிய தாய்மாமன்

என் தங்கச்சி மகள் யாழினிக்கு இடது காதுத் தோடு ஒரு நெல் அளவு மேலே தொங்கும். காது குத்தின ஆசாரிக்குக் கை நடுங்கிவிட்டது என்றுதான் இத்தனை வருஷமாக வெளியாட்களிடம் சொல்லி வருகிறேன். பச்சைப் பொய். அந்த மனிதரின் கை கல்லு மாதிரி நின்றது. தப்பு முழுக்க என்னுடையது. எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

எனக்கு ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடையில் டூவீலர் பட்டறை. பொழுதுபோக்கு, புதிர்ப்பாதை வரைவது. ஞாயிற்றுக்கிழமை பேப்பரோடு வரும் சிறுவர் இணைப்பில் 'முயல் கேரட்டிடம் போக வழி காட்டுங்கள்' என்று ஒரு படம் வருமே, அந்த வகை. ஆனால் அந்த முயல் படத்தோடு என் படத்தை யாராவது சேர்த்துப் பேசினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். (அந்த முயல் கண்ணைக் கட்டிக்கொண்டு போனாலும் கேரட் கிடைத்துவிடும்.) ஸ்பேர் பார்ட்ஸ் வரும் அட்டைப்பெட்டியைக் கிழித்து, உள்பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு நாலு சந்து ஓடும்படி பேனாவால் வரைவேன். ஆயில் கைரேகை இல்லாத படம் என்னிடம் ஒன்றுகூடக் கிடையாது. வண்டி விட்டுவிட்டுக் காத்திருப்பவர்களிடம் அட்டையையும் பேனாவையும் நீட்டுவேன். அவர்கள் முட்டுச்சந்தில் போய் முழிப்பதைப் பார்த்துக்கொண்டே ஸ்பார்க் பிளக் கழற்றுவதில் எனக்கு ஒரு சுகம். நல்ல குணம் இல்லை. தெரியும்.

புதிர்ப்பாதை எங்கே வந்தாலும் விடமாட்டேன். சினிமாவில் கதாநாயகன் செடிச் சுவர்களுக்கு நடுவே மூச்சிரைக்க ஓடினால், "ஒரு கையைச் சுவத்துல வச்சுட்டே நடடா, தானா வெளிய வந்துருவ!" என்று தியேட்டரிலேயே கத்துவேன். (என் மனைவி செல்வி இப்போதெல்லாம் என்னோடு படத்துக்கு வருவதில்லை.) சேலத்துப் பொருட்காட்சியில் கண்ணாடி மாளிகைக்குள் போய் வந்து, டிக்கெட் கிழிக்கிறவரிடம் அவருடைய கண்ணாடி எங்கெங்கே தப்பாக வைக்கப்பட்டிருக்கிறது என்று பாடம் எடுத்தேன். போனில் பந்து உருட்டும் விளையாட்டில் எல்லாப் படிகளையும் முடித்துவிட்டு, இவ்வளவுதானா என்று அந்தக் கம்பெனிக்குத் தமிழிலேயே திட்டி எழுதினேன். மலைக்குக் கீழே ஓர் ஊரில் அந்தக் காலத்தில் தரையில் கல் பதித்துப் போட்ட 'ஏழு சுற்றுக் கோட்டை' என்ற புதிர்ப்பாதை இருக்கிறதென்று கேள்விப்பட்டு, பட்டறையைப் பூட்டிவிட்டுப் போய் நடந்தும் பார்த்தேன். அதில் முட்டுச்சந்தே இல்லை. ஒரே வழி. சுற்றிச் சுற்றி நடுவில் கொண்டுபோய் விடுகிறது. ஏமாற்ற ஒரு இடம்கூட வைக்காமல் இதை எதற்குக் கட்டினான் என்று எரிச்சலோடு பஸ் ஏறினேன்.

இவ்வளவு திமிர் பிடித்தவன் அட்டையோடு நின்றிருக்கலாம். வெளிநாட்டில் ஒருவன் மக்காச்சோளக் காட்டுக்குள்ளேயே புதிர்ப்பாதை வெட்டி, ஜனங்கள் உள்ளே போய்த் தடுமாறுகிற வீடியோவை யாரோ அனுப்பித் தொலைத்தார்கள். எனக்கு வீட்டை ஒட்டி அரை ஏக்கர் காடு இருந்தது. அந்த வைகாசியில் மக்காச்சோளம் போட்டேன். முழங்கால் உயரம் வந்ததும், அட்டைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கயிறு பிடித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, சந்து சந்தாக வெட்டினேன். உள்ளே நடந்து சோதித்தும் பார்த்தேன். நாலே நிமிஷத்தில் வெளியே வந்தேன்.

முழங்கால் உயரச் சோளத்தில் நின்றால் காடு மொத்தமும் தெரியும் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

இன்னும் இரண்டு வேலை செய்தேன். குறுக்கே புகுந்து திருட்டு வழி போகிறவர்களைத் தடுக்க, சுவர்களுக்குள் பழைய பிரேக் கேபிளை இழுத்துக் கட்டி, உண்ணிச்செடி முள்ளை வெட்டிச் செருகினேன். அப்புறம், சுவரில் கை வைத்து நடக்கிற கெட்டிக்காரன் எவனாவது வந்தால் அவனையும் விடக் கூடாது என்று, வெளிச்சுவரோடு ஒட்டாத ஒரு சுவரைத் தீவு மாதிரி நடுவில் விட்டேன். அந்தச் சுவரில் கை வைத்தால் சாகிறவரை அதையே சுற்ற வேண்டியதுதான்.

இப்போது காதுகுத்துக்கு வருகிறேன். யாழினிக்கு அப்போது ஐந்தரை வயசு. அதுவரை காது குத்தாததற்கும் நான்தான் காரணம். என் தங்கச்சி தனத்தின் புருஷன் குமரேசன், சேலத்தில் தன் வண்டியை வேறொரு பட்டறையில் சர்வீஸ் விட்டார். அவ்வளவுதான் விஷயம். அதற்காக அவர் புதுவீட்டுப் பால் காய்ச்சுக்குப் போய், பந்தியில் உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கு முன்னால் அவரைப் பேசக் கூடாதது எல்லாம் பேசிவிட்டு, இலையை மூடிவிட்டு வந்தேன். இரண்டு வருஷம் பேச்சில்லை. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்த மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் யாழினியைப் பையன் பையன் என்று கேலி செய்ய, தனம்தான் இரண்டு பக்கமும் அழுது, நடந்து, ஆவணியில் ஒரு ஞாயிறைக் குறித்தாள். எங்கள் காட்டுக்கு மேலேயே இருக்கிற சின்னக் கோயில். முகூர்த்தம் ஒன்பதரையிலிருந்து பத்தரை. அதை விட்டால் அந்த மாசத்தில் வேறு நாள் இல்லை.

முந்தின நாள் போனில் கெஞ்சினாள். "அண்ணா, உங்க கால்ல வேண்ணா விழறேன். நாளைக்கு ஒரு நா மட்டும் வாயைத் தொறக்காதீங்க. அவரு எதாச்சும் சொன்னாலும் கேக்காத மாதிரி இருங்க."

"நான் எதுக்கு வாயைத் தொறக்கறேன்?" என்று கத்தினேன்.

காலையில் சேலத்திலிருந்து வேன் வந்தது. கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததில் பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே இறங்கினார்கள். குமரேசன் நேராக என்னிடம் வந்து கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். யாழினிக்கு மொட்டை நல்லபடியாக முடிந்தது. ஒன்பது மணிக்கு மொட்டைத் தலையில் சந்தனமும் பட்டுப்பாவாடையுமாக என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது குமரேசன், பேச்சை வளர்க்க வேண்டுமே என்று, என் காட்டைப் பார்த்தார்.

"ஏனுங்க மச்சான், வெதைக்கறப்ப கயிறு கோணிப் போச்சுங்களா? சோளம் அங்கங்க சந்து உட்டு நிக்குது."

மனுஷன் நல்லவிதமாகத்தான் கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"மாப்பிள்ளை, அது புதிர்ப்பாதைங்க. நீங்க உள்ள போனா பொங்கலுக்குத்தான் வெளிய வருவீங்க."

"நீங்க?"

"பத்து நிமிசம். புள்ளையத் தோள்ல தூக்கிட்டே போயிட்டு வரேன், பாக்கறீங்களா?"

செல்வி ஓடி வந்தாள். "ஏனுங்க, நேரமாச்சுங்க. ஆசாரி வந்துட்டாருங்க."

"வாயைப் பொத்திட்டுப் போ," என்றேன். யாழினியைத் தோளில் ஏற்றிக்கொண்டு சோளத்துக்குள் நுழைந்தேன். போன் செல்வியின் பையில் இருந்தது. அட்டைப் படம் எங்கே என்று தேடக்கூட இல்லை. நான் வரைந்ததற்கு எனக்கு எதற்குப் படம்?

அட்டையில் வரைகிறபோது நான் மேலேயிருந்து பார்க்கிறேன். சோளத்துக்குள் நிற்கிறபோது தெரிந்தது சோளம். தலைக்கு மேல் ஒரு முழம் வளர்ந்து, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. மூன்றாவது திருப்பத்திலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஐந்தாவதில் முட்டுச்சந்து. (நல்ல முட்டுச்சந்து. வரையும்போது ரசித்து வரைந்தது.) சேற்றில் ஒரு செருப்பு மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு நடந்தேன்.

தோளில் இருந்த யாழினிக்குச் சோளப் பூவுக்கு மேலே தலை இருந்தது. எல்லாம் தெரிந்தது. "மாமா, அதோ அம்மா! இந்தக் கைப் பக்கம் போனா வழி இருக்குது."

"சும்மா இரு கண்ணு, மாமாவுக்குத் தெரியும்."

"இல்ல மாமா, இந்தப் பக்கம்..."

"சும்மா இருன்னு சொன்னனல்ல? மாமாவுக்குத் தெரியும்!"

அதட்டிய அதட்டலில் பிள்ளை வாயை மூடிக்கொண்டது. ஐந்தரை வயசுக் குழந்தை சரியான வழியைக் கைநீட்டிக் காட்ட, நாற்பது வயசுத் தடியன் நான் அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பி நடந்தேன். அடுத்த இரண்டு நிமிஷத்தில் மேகம் இறங்கியது. ஏற்காட்டில் ஆவணிக் காலையில் மேகம் இறங்குவது புதிதில்லை. அதற்கு மேல் யாழினிக்கும் ஒன்றும் தெரியவில்லை.

கடைசியில், நான் சினிமாக் கதாநாயகனுக்குச் சொன்ன யோசனையை எனக்கே சொல்லிக்கொண்டேன். சுவரில் கை வைத்து நடந்தேன். நடந்தேன், நடந்தேன்.

"மாமா," என்றாள் மெதுவாக, "உங்க செருப்பு."

இன்னொரு சுற்று.

"மாமா, மறுபடியும் உங்க செருப்பு."

கெட்டிக்காரனைப் பிடிக்க நான் விட்ட தீவில், வந்து மாட்டிய முதல் கெட்டிக்காரன் நான்.

மேளம் ஆரம்பித்தது. மேகத்துக்குள் சத்தம் எட்டுத் திசையிலிருந்தும் வந்தது. பிறகு மைக்கில் குமரேசன் குரல். "தாய்மாமன் எங்கிருந்தாலும் உடனே கோயிலுக்கு வரவும். தாய்மாமன் எங்கிருந்தாலும்..." அது வெள்ளக்கடை பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்டதாக அப்புறம் சொன்னார்கள். குறுக்கே புகுந்து போய்விடலாம் என்று சுவரில் கை விட்டேன். முழங்கை வரை உண்ணி முள் கிழித்தது. பிள்ளையைப் பட்டுப்பாவாடையோடு அதற்குள் இழுக்க முடியாது.

அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "மாப்பிள்ளை! இங்க இருக்கறனுங்க!"

"எங்கீங்க மச்சான்?"

"உள்ளதானுங்க!"

அப்புறம் வேன் ஜனம் மொத்தமும் சிரித்தது. மைக்கை யாரும் அணைக்கவில்லை.

அட்டையைத் தேடியிருக்கிறார்கள். செல்வி அதைப் பழச் சீர்த்தட்டுக்கு அடியில் வைத்து, மேலே ஜிகினாத் தாள் சுற்றியிருந்தாள். ஆப்பிளையெல்லாம் கொட்டிவிட்டு எடுத்துப் பார்த்தால், எந்தப் பக்கம் மேலே என்று ஒருவருக்கும் புரியவில்லை. குமரேசன் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கொடுவாளை எடுத்துக்கொண்டு என் சத்தத்தைக் குறி வைத்து நேராக வெட்டிக்கொண்டு வந்தார். முள், கேபிள், சோளம், எல்லாம் சரிந்தது. அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? சொல்லவே கூசுகிறது.

"பாத்துங்க மாப்பிள்ளை, சோளத்தை வெட்டாதீங்க!"

வெளியிலிருந்து தனத்தின் குரல் வந்தது. என் தங்கச்சி அதுவரை என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. "அண்ணா! வாயை மூடிட்டு நின்ன எடத்துலயே நில்லுங்க!"

நின்றேன். யாழினி என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அப்போதுதான் கவனித்தேன். எவ்வளவு நேரமாக அழுதாள் என்று எனக்குத் தெரியாது.

அவர்கள் வந்து சேரும்போது பத்து இருபத்தைந்து. கோயிலுக்கு ஏறி வரிசையாக உட்கார நேரமில்லை. பின்னாலேயே வந்த ஆசாரி கடிகாரத்தைப் பார்த்தார். "இங்கயே உக்காருங்க. நேரம் முக்கியமுங்க." வெட்டிச் சாய்த்த சோளத்தட்டு மேல் ஒற்றைச் செருப்போடு சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். யாழினியை மடியில் வைத்தார்கள். இரண்டு காதிலும் பொட்டு வைத்து அளவு பார்த்தார் ஆசாரி. வலது காது நொடியில் முடிந்தது.

"இனி ஒண்ணுதான் சாமி. மாமன் அசையாம இருங்க."

அவ்வளவு சோளத்தை வெட்டியதில் பூத்தூள் காற்றெல்லாம் பறந்தது. மூக்கில் ஏறியது. அடக்கிப் பார்த்தேன். கம்பி இடது காதைத் தொட்ட நேரத்தில் ஒரு தும்மல் தும்மினேன் பாருங்கள், மடியில் இருந்த பிள்ளை துள்ளியே விட்டது.

கம்பி பொட்டுக்கு ஒரு நெல் அளவு மேலே இறங்கிவிட்டது. தனம் பிள்ளையின் காதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தித் தப்பித்திருப்பேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, தன் புருஷன் வெட்டிய நேர்வழியில் நடந்து போய்விட்டாள். குமரேசன் மட்டும் நின்றார். சேற்றில் கிடந்த என் செருப்பைத் தேடி எடுத்து, சோளத்தட்டில் துடைத்து, என் காலடியில் வைத்தார்.

"வாங்க மச்சான். சாப்பாடு ஆறிப் போகுது."

இரண்டு வருஷம் பேசாமல் இருந்தேனே, அது இந்த ஆளிடம்.

இன்றும் வரைகிறேன், அட்டையில் மட்டும். யாழினிக்கு இப்போது பதினாலு வயசு. புதுத் தோடு, ஜிமிக்கி எது வாங்கினாலும் காதில் ஏறுவதற்கு முன்னால் என் பட்டறைக்கு வரும். இடது காதுக்கானதன் கொக்கியைச் சின்ன இடுக்கியால் ஒரு நெல் நீளம் இழுத்து வளைத்தால்தான் இரண்டும் சமமாகத் தொங்கும். அந்த வேலை எனக்கு மட்டும்தான் பழக்கம். போன மாசமும் வந்தாள். காத்திருந்த நேரத்தில் என் அட்டைப் படம் ஒன்றை எடுத்து இரண்டு நிமிஷத்தில் முடித்துத் தூக்கிப் போட்டாள். கொக்கியை இழுத்துக்கொண்டிருந்த என்னை எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் இழுங்க மாமா, பத்தாது," என்றாள்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "சும்மா இரு கண்ணு, மாமாவுக்கு..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

அவள் இடது காதைத் தொட்டுக் காட்டினாள்.

இன்னும் கொஞ்சம் இழுத்தேன். அவள் சொன்னதுதான் சரி.