அங்குலம் அக்கா எடுக்காத அளவு

"அண்ணி, பேங்க் மூழ்கிட்டா உங்க பணம் என்னாகும்?"

கொழுந்தன் விளையாட்டாகத்தான் கேட்டான். தையல் மெஷின் மிதியில் இருந்த அங்குலம் அக்காவின் கால் அப்படியே நின்றுவிட்டது. இரண்டு தடவை அளக்காமல் துணியில் கத்தரி வைக்கமாட்டாள் என்பதால் வந்த பெயர் அது. பதினொரு வருடம் தைத்துச் சேர்த்ததெல்லாம் அந்த ஒரே வங்கியில்தான் கிடந்தது. மாதக் கடைசியில் அதை முன்பணமாகக் கொடுத்துச் சொந்தமாகக் கடை பிடிப்பதாக இருந்தாள்.

"என்னாகும்?"

"பயப்படாதீங்க. அரசாங்கக் காப்பீடு இருக்கு, திருப்பிக் கொடுத்துடுவாங்க. ஆனா ஒரு ஆளுக்கு, ஒரு பேங்க்ல, ஒரு வரம்பு வரைக்கும்தான்."

வரம்பு என்றதுமே அவளுக்குக் காது அடைத்துவிட்டது.

மறுநாளே பணத்தை மூன்றாகப் பிரித்து, அதே வங்கியின் மூன்று கிளைகளில் போடக் கிளம்பினாள். இரண்டு பஸ் மாறி மூன்றாவது கிளைக்குப் போனால், வாசல் காவலாளி சிரித்தார்.

"எத்தனை கிளையா இருந்தா என்னம்மா, பேங்க் ஒண்ணுதானே? எல்லாத்தையும் கூட்டித்தான் பார்ப்பாங்க."

"வேற ஆள் பேர்ல போட்டா?"

"அது அவங்க பணம். அவங்க வரம்பு தனி."

பாதிப் பணம் நாத்தனார் பெயருக்குப் போனது.

"உயிரே போனாலும் யார்கிட்டயும் சொல்லமாட்டேன் அண்ணி," என்ற நாத்தனார், "ஹால் ஜன்னல்ல திரை இல்லாம ஒரே வெயில்," என்றும் சொன்னாள். அங்குலம் அக்கா ஆறு ஜன்னலுக்குத் திரை தைத்துக் கொடுத்தாள். கூலி கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்துத்தான் நாத்தனாருக்கும் அதே வங்கியில் ஏற்கெனவே சேமிப்பு இருப்பது தெரிந்தது.

"ஐயோ, ரெண்டும் சேர்ந்தா வரம்பு தாண்டுமே! முதல்ல என் பணத்தை வெளிய எடு. பீரோவில வை."

பீரோவில் கட்டுக்கட்டாகப் பார்த்த நாத்தனாரின் வீட்டுக்காரர், சும்மா கிடக்கிறதே என்று ஒரு பழைய வேன் வாங்கிவிட்டார்.

"வேன் ஓட ஆரம்பிச்சதும் கொடுத்துடுவார் அண்ணி."

"எப்ப ஓடும்?"

"இன்ஜின் வந்ததும்."

அங்குலம் அக்கா நாத்தனாரை இழுத்துக்கொண்டு பழைய கிளைக்கே ஓடினாள். பஸ்ஸில்தான்.

கவுன்டரில் இருந்த பெண் முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டாள்.

"பேங்க் மூழ்கினாத்தான் அரசாங்கம் கொடுக்கும். நாத்தனார் மூழ்கினா கொடுக்காதுக்கா." பாஸ்புக்கைப் புரட்டினாள். "ஆமா, இதை ஏன் எடுத்தீங்க?"

"வரம்பு தாண்டிடும்னுதான்."

அந்தப் பெண் அவள் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வரம்பு எவ்வளவுன்னு ஒருத்தர்கிட்டயாவது கேட்டீங்களாக்கா? உங்க பணம் மொத்தமும் அதுல கால்வாசிகூட வரலையே!"

அங்குலம் அக்கா நாடாவைக் கழற்றினாள், சுருட்டிப் பைக்குள் போட்டாள், வெளியே போனாள்.