கங்கம்மா மெஸ்ஸில் புதன்கிழமை

சேசு, மரி, சூசை மூவரும் துணை இருக்க, கும்மிடிப்பூண்டி சிப்காட் குடோன் வாட்ச்மேன் அறையிலிருந்து சின்னதுரை எழுதுவது.

கடம்பத்தூரில் இருக்கும் என் அன்புத் தங்கை ஆரோக்கியமேரிக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீயும் மச்சானும் நலமாக இருக்க வேண்டுகிறேன். மச்சானுக்கு வாதத்தில் விழுந்த அந்தக் கை கொஞ்சமாவது அசைகிறதா? இதை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று நீ உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நான்தான். உன் அண்ணன்தான். நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் தயவுசெய்து உட்கார்ந்துகொள்.

இந்தக் கடிதத்தைத் தொடங்கிய அன்று குடோன் வாசலில் மழைத் தண்ணீர் நின்றது. மச்சானின் கையைப் பற்றி எழுதி முடிப்பதற்குள் அது வடிந்து, காய்ந்து, இப்போது புழுதி பறக்கிறது. என் வேகம் அவ்வளவுதான். ழ எழுதும்போது என் வாயும் கூடவே வளைகிறது. லாரி வந்து ஹாரன் அடித்தாலும், தொடங்கிய வார்த்தையை முடித்துவிட்டுத்தான் கேட்டைத் திறக்கிறேன். நேற்று ஒரு டிரைவர் எட்டிப் பார்த்து, "இன்னா பெருசு, கலெக்டர் ஆர்டரா எழுதிக்கினு கீற?" என்றான். "தங்கச்சிக்கு லெட்டர்பா" என்றேன். அவன் இன்ஜினை அணைத்துவிட்டு, நான் முடிக்கும்வரை காத்திருந்தான். உலகத்தில் நல்லவர்கள் இருக்கிறார்கள், மேரி.

நீ போனில் கோபப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். தப்பு என்னுடையதுதான். கங்கம்மா மெஸ்ஸில் நாங்கள் கூடி ஜெபம் செய்வதை உனக்குக் கேட்கவைக்கலாம் என்று போனைத் தூக்கிப் பிடித்தேன். பரலோக மந்திரம் சொல்ல ஆரம்பித்த அந்த நேரம் பார்த்து கங்கம்மா கிரைண்டரைப் போட்டாள். கிரைண்டருக்கு மேலே கேட்க வேண்டும் என்று எல்லோரும் கத்தினோம். அப்போது வாசலிலிருந்து ஒருவன், "டபுள் ஆம்லெட் ஒண்ணு, பெப்பர் தூக்கலா!" என்றான். உனக்கு அது மட்டும்தான் தெளிவாகக் கேட்டிருக்கிறது. "பூசைக்குப் போவாம ஆம்லெட் கடையில உக்காந்துக்கினு கீறியா? இனிமே அந்த மெஸ்ஸுல கால வெச்சேன்னா என் ஊட்டு வாசப்படிய மிதிக்காத" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ போனை எடுக்கவே இல்லை. அதனால்தான் கடிதம். போனைப் போல இதை நடுவில் துண்டிக்க உன்னால் முடியாது. கிழித்துப் போடலாம். கிழிக்காதே, இது ரொம்ப நாள் உழைப்பு.

நான் பூசையை விட்டவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு டூட்டி. வார லீவு புதன்கிழமை. புதன்கிழமை கோயிலுக்குப் போனால் நானும் புறாக்களும்தான் இருப்போம். அப்படி ஒரு புதன்கிழமை நாஷ்டா முடித்துவிட்டு கங்கம்மா மெஸ்ஸின் பின்னறையில் கை கழுவப் போனேன். அங்கே ஏழெட்டுப் பேர் பெஞ்சைத் திருப்பிப் போட்டு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். யூனியன் கூட்டம் என்று நினைத்து நானும் உட்கார்ந்தேன். நமக்கும் சம்பளத்தைப் பற்றிச் சொல்ல நாலு வார்த்தை இருக்கிறதே. ரோலிங் மில்லில் கிரேன் ஓட்டும் ஸ்டீபன் என்னைப் பார்த்து, "சொல்லுங்க பெரியவரே, உங்களுக்கு இன்னா கஷ்டம்?" என்றான். நான் எழுந்து நின்று, வாட்ச்மேன்களுக்கு மழைக்கோட்டு கொடுக்கவில்லை, போன வருஷத்து டார்ச்லைட் எரியவில்லை என்று உரக்கச் சொன்னேன். எல்லோரும் கண்ணை மூடி, தலை குனிந்து, "ஆண்டவரே, இந்தப் பெரியவருக்கு ஒரு மழைக்கோட்டு" என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அடுத்த வாரம் ஸ்டீபன் ஒரு மழைக்கோட்டோடு வந்தான். எழுந்து போக மனசு வரவில்லை, மேரி.

பூசை வைக்கச் சாமியார் இல்லையே என்பாய். இல்லைதான். எங்களில் யாரும் யாருக்கும் சாமியார் இல்லை. பீடம் இல்லை, மணி இல்லை. சுவரில் கங்கம்மா கும்பிடும் அம்மன் படம் இருக்கிறது, அது அவள் கடை, அவள் சுவர். அவள் உள்ளே தோசை ஊற்றிக்கொண்டே எங்கள் ஜெபத்தைக் கவனிப்பாள். ஒருநாள் மழைக்காக வேண்டிக்கொண்டபோது கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். "இன்னா நைனா வேண்டிக்கினு கீறீங்க? பெஞ்சா ரோட்ல முட்டி ஆழம் தண்ணி நிக்கும். ஆளுங்க எப்படி வந்து துன்னுவாங்க? ஏரியில மட்டும் பெய்யட்டும்னு கேளுங்க!" அப்படியே திருத்திக் கேட்டோம். லோடு வண்டி ஓட்டும் தணிகைவேலுக்கு ஞானஸ்நானமும் கிடையாது ஒன்றும் கிடையாது, திருத்தணி முருகனுக்கு மொட்டை போடுகிறவன். பாட்டுக்காக வருகிறான். எங்களில் ராகத்தோடு பாடுகிறவன் அவன் ஒருவன்தான். யாரும் அவனை நீ யார் என்று கேட்டதில்லை. என்னையும் கேட்கவில்லையே.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாது. ஸ்டீபன் நைட் ஷிப்ட் முடித்து நேராக வருவான். ஒருநாள் ஜெபத்தின் நடுவில் குறட்டை விட்டான். பக்கத்தில் இருந்தவன் தட்டி எழுப்பப் போனான். கங்கம்மா ஓடி வந்து அவன் கையைப் பிடித்துவிட்டாள். "வுடுப்பா அவன. நைட்டு பூரா கம்பி தூக்கிக்கினு இருந்தவன். உங்க சாமிக்குக் காது இருந்தா அவன் கொறட்டையக் கேக்கட்டும்" என்று சொல்லி, தன் தோள் துண்டை மடித்து அவன் தலைக்குக் கீழே வைத்தாள். அன்றைக்குப் பாட்டை எல்லோரும் முணுமுணுப்பாகத்தான் பாடினோம். நான் எத்தனையோ கோயில்களில் எத்தனையோ பாட்டுக் கேட்டிருக்கிறேன். அந்த முணுமுணுப்பு இன்னும் காதிலேயே இருக்கிறது.

இப்போது நான் எழுத்துக் கற்ற கதை. கூட்டத்தில் வேதாகமம் கைமாறி வரும். ஆளுக்கு ஒரு வசனம் உரக்கப் படிக்க வேண்டும். என் முறை நெருங்கும்போது தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன். பேக்கிங் செக்‌ஷனில் வேலை செய்யும் ஷைனி என்ற பெண் ஒருநாள் பின்னாலேயே வந்து பானைக்குப் பக்கத்தில் நின்றாள். "இன்னா தாத்தா, புக்கு கிட்ட வந்தா மட்டும் உனக்குத் தாகம் எடுக்குது?" என்றாள். நான் வெயிலைக் குறை சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வந்து, ஒரு அட்டைப்பெட்டி மூடியில் 'அ' எழுதிக் காட்டினாள். அப்புறம் தினமும் வந்தாள். நீ சின்ன வயதில் பஸ் போர்டைப் படித்து, என் கையைப் பிடித்து ஏற்றிவிடுவாயே, அதே மாதிரி அவளும் எழுத்துக்கு எழுத்து என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.

முதன்முதலாக நானாகக் கூட்டிப் படித்த வாசகம் எது தெரியுமா? என் தலைக்கு மேலே இருக்கும் போர்டு. எத்தனையோ வருஷமாக அதன் நிழலில்தான் உட்கார்ந்திருக்கிறேன், கம்பெனியின் பெயர் என்று நினைத்திருந்தேன். 'அந்நியர் உள்ளே வரக் கூடாது' என்று போட்டிருக்கிறது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்று சாயந்திரம் மெஸ்ஸுக்குப் போனேன், அதன் வாசலிலும் ஒரு போர்டு. எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். 'சாப்பாடு ரெடி'. அவ்வளவுதான். வேறு ஒன்றும் எழுதவில்லை. கங்கம்மா, "இன்னா நைனா, வாசல்லயே நின்னுகினு அழுவுற? கொழம்பு தீர்ந்து பூடும், உள்ள வா" என்றாள்.

ஆனாலும் மேரி, நீ ஒருத்திதான் எனக்கு மிச்சம். உன் வாசலை மிதிக்காமல் என்னால் சாக முடியாது. உன் பேச்சுக்குக் கட்டுப்படுகிறேன். சூப்பர்வைசரிடம் லீவை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக் கேட்டிருக்கிறேன், பார்க்கலாம் என்றார். மெஸ்ஸை விட்டுவிடுகிறேன். வருகிற புதன்கிழமை ஒரு நாள் மட்டும் அனுமதி கொடு. அன்று தண்ணீர் குடிக்கப் போகப்போவதில்லை. என் முறைக்கு எந்த வசனம் வரும் என்று ஆட்களை எண்ணிப் பார்த்து, அந்த ஒரு வசனத்தைப் பயிற்சி செய்து வைத்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்துவிடுவேன். நீ அங்கே வர வேண்டாம். கிரைண்டர் சத்தமும் ஆம்லெட் வாசனையும் உனக்கு ஆகாது, உனக்கு வீண் பேஜாரு.

ஷைனி இதைத் திருத்தித் தருவதாகச் சொன்னாள். கொடுக்கவில்லை. என் தப்புகளும் என் பெயரிலேயே உன்னிடம் வரட்டும்.

மச்சான் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு. உன் அடுப்பு அணையாமலும் உன் கண் கலங்காமலும் இருக்க ஆண்டவரையும் அந்தோணியாரையும் கேட்டுக்கொள்ளும்,

உன் அண்ணன்
சின்னதுரை
(கைநாட்டு இல்லை, கவனித்துக்கொள்.)

பின்குறிப்பு: மேலே எழுதியதை ஒட்டி, தபால்பெட்டியில் போடலாம் என்று வைத்திருந்தேன். அதற்குள் புதன்கிழமை வந்துவிட்டது, நீயும் வந்துவிட்டாய். இனி நடந்ததை உனக்கே எழுதுகிறேன், ஏனென்றால் பாதி நேரம் நீ அங்கே இல்லை. இப்போது என் கையும் கொஞ்சம் வேகம் பிடித்திருக்கிறது.

மச்சானை அன்று ஒரு நாள் மட்டும் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி, என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவதற்காகவே வந்தாய். "எங்க அவன்?" என்று நீ மெஸ்ஸுக்குள் நுழைந்தபோது எங்கள் ஸ்டீபனே முழித்துக்கொண்டான். கங்கம்மா மட்டும் பயப்படவில்லை. "வாம்மா, மொதல்ல உக்காரு. சண்ட போடறதுக்கும் தெம்பு வேணுமே" என்று ஒரு டீயைக் கையில் கொடுத்து, எனக்கு முந்தின இடத்தில் உட்காரவைத்தாள். அங்கேதான் எனக்கு வியர்த்தது. நீ நடுவில் உட்கார்ந்ததால் நான் பயிற்சி செய்த வசனம் உன் முறைக்குப் போய்விட்டது. எனக்கு அடுத்த வசனம். அதை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எழுந்து பானைப் பக்கம் போய்விடலாமா என்று பார்த்தேன். ஷைனி முறைத்தாள்.

புத்தகம் உன்னிடம் வந்தது. நீ கையை நீட்டவில்லை. சுவரில் சாய்ந்து, டீ டம்ளரை மடியில் பிடித்தபடி தூங்கிப் போயிருந்தாய். மச்சான் படுத்ததிலிருந்து நீ சரியாகத் தூங்கவில்லை என்று உன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். போனில் அது தெரிவதில்லை. தணிகைவேல் டம்ளரை மெதுவாக எடுத்து வைத்தான். கங்கம்மா தோள் துண்டோடு வந்தாள், கிரைண்டரை அவளே நிறுத்தினாள். ஷைனி, "சட்டம் சட்டந்தான் தாத்தா, அவங்கள எழுப்பக் கூடாது. அவங்க வசனத்த நீயே படி" என்று கிசுகிசுத்தாள். என் வசனம் என்னிடமே திரும்பி வந்தது. படித்தேன் மேரி. முழுதாகப் படித்தேன். நீ எழுந்துவிடக் கூடாதே என்று ரகசியம் சொல்கிற மாதிரி படித்தேன்.

மத்தியான சாப்பாட்டுக் கூட்டம் வந்த பிறகுதான் நீ கண் விழித்தாய். "படிச்சிட்டேன்" என்றேன். "போண்ணா, பொய் சொல்லாத" என்றாய். பிறகு அழுதாய். "நானே பூசைக்குப் போயி எத்தினி மாசம் ஆவுது தெரியுமா? அவர வுட்டுட்டு எங்க போறது? நீயாச்சும் போனா நானும் போன மாதிரின்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாய். கங்கம்மா அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "அவ்ளோதானே? நீ வர முடியலன்னா நாங்க வர்றோம்." ஆக, வருகிற புதன்கிழமை தணிகைவேல் லோடு வண்டியில் எல்லோரும் உன் வீட்டுக்கு வருகிறோம். மச்சான் கட்டிலைச் சுற்றித்தான் வட்டம். அவர் தூங்கினாலும் எழுப்ப மாட்டோம். கிரைண்டரைக் கொண்டு வர வேண்டாம் என்று கங்கம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், கேட்பாளா என்று தெரியவில்லை. எனவே மெஸ்ஸை விட்டுவிடுகிறேன் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். உண்மையிலேயே அடித்தால் பக்கம் அசிங்கமாகிவிடும்.

ரயில் ஏறும் முன், எனக்கு எழுதத் தெரியும் என்பதற்கு அத்தாட்சியாக இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுக்க வந்தேன். நீ வாங்கவில்லை. "கையில குடுக்காதண்ணா, போஸ்ட்ல போடு. ஆரோக்கியமேரிக்கு அவங்க அண்ணன் கிட்டேருந்து லெட்டர்னு போஸ்ட்மேன் கூப்பிடணும். தெருவே கேக்கணும்" என்றாய்.

இதோ, போடப்போகிறேன். அவர் கூப்பிட்டதும் நீ உடனே வெளியே வந்திருக்க மாட்டாய். இரண்டு தடவையாவது கூப்பிட்டிருப்பார்.