கையோடு வந்த மூக்கு

பிடித்தது தலையை, கையோடு வந்தது மூக்கு.

ஃபேனைத் துடைத்துத் திருகுகளை முடுக்கிவிட்டு ஏணியிலிருந்து இறங்கும்போது, எலக்ட்ரீஷியனின் தோள்பை லேசாக உரசியது. அவ்வளவுதான். அலமாரி மேலிருந்த களிமண் தலை தள்ளாடியது. பாய்ந்து பிடித்தார். தலை தப்பியது. மூக்கு தப்பவில்லை.

கீழே அட்டையில் எழுதியிருந்தது: ‘என் கணவர். மூன்று மாத உழைப்பு.’

வீட்டில் ஒருவரும் இல்லை. காலையில் வீட்டுக்காரர் ஃபேனைக் காட்டிவிட்டு, "முடிஞ்சதும் கதவைச் சாத்திட்டுப் போயிடுங்க. யாருக்காகவும் காத்திருக்க வேணாம்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தார்.

பையில் பசை இருந்தது. ஒட்டினார். மூக்கு இடப்பக்கம் சாய்ந்தது. நேராக்கப் பார்த்தார், விரல் மூக்கோடு ஒட்டிக்கொண்டது. மறுகையால் காதைப் பிடித்துக்கொண்டு விரலை இழுத்தார். விரல் வந்தது. காதும் வந்தது.

டேப்பைச் சுற்றிப் பார்த்தார். களிமண் வீட்டுக்காரர் பஸ்ஸில் அடிபட்டவர் மாதிரி ஆகிவிட்டார்.

ஜன்னல் திறந்திருந்தது. டேப்பைப் பிரித்துத் தலையைத் தரையில் போட்டுவிட்டால், காற்றில் விழுந்ததென்று நினைத்துக்கொள்வார்கள். யார் பார்த்தது?

கதவுவரை போனார். தலையைச் செய்த அந்த அம்மா வேலை முடிந்து வந்து, துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு தனியாக நிற்பது கண்முன் வந்தது. திரும்பி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

அடுத்து வேலைக்குப் போகவேண்டிய வீட்டிலிருந்து போன்.

"எப்ப வர்றீங்க?"

"லேட்டாகும்மா. இங்க ஒருத்தர் மூக்கை உடைச்சுட்டேன். காதும் போச்சு. அவர் சம்சாரம் வந்தாத்தான் கிளம்ப முடியும்."

எதிர்முனையில் போனை வைத்துவிட்டார்கள்.

மாலையில் கணவனும் மனைவியும் சேர்ந்தே வந்தார்கள். எலக்ட்ரீஷியன் எழுந்து, காதை நீட்டினார்.

"நான்தாம்மா உடைச்சேன். ஒட்டப் போய் இன்னும் கெடுத்துட்டேன். என்ன திட்டணுமோ திட்டிடுங்க."

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கியது. தலையைத் தொட்டுப் பார்த்தார்.

"சொல்லாமப் போயிருக்கலாமே நீங்க" என்றார். "இதுக்காகவா இவ்வளவு நேரம் உக்காந்திருந்தீங்க? மண்ணுதானே, மறுபடி செஞ்சுக்கலாம். இருங்க, டீ போடறேன்."

கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"டீயை அவருக்கு மட்டும் போடும்மா" என்றார். "மூக்கைக் காலைலயே உடைச்சு சும்மா ஒட்டிவெச்சது நான், பழியை இவர் மேல போடலாம்னுதான் இவரை வரச்சொன்னதே!"