நினைவகப் பொருத்தம்

மனித குலம் இதுவரை செய்த தெரிவுகளில் மிகப் பொறுப்பானது எதுவென்று எவராவது கேட்டால், ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் அரியரத்தினம் தம் மகளின் கணினிக்கு நினைவகம் தெரிந்தெடுத்ததைத் தயங்காமல் சொல்லலாம்.

மகள் கஜந்தி, கட்டடங்களுக்கு வரைபடம் கீறும் உத்தியோகத்தில் இருந்தாள். கடையில் நல்லதொரு கணினி பார்த்து வைத்திருந்தாள்.

"கடைக்காரன் பூட்டினதை நம்பேலாது. நானே பூட்டித் தாறன்" என்றார் அரியரத்தினம்.

பொருத்தவேண்டிய பாகங்களில் பெட்டி, 'மதர்போர்ட்' எனப்படும் தாய்ப்பலகை, விசிறி எல்லாம் சட்டென்று வந்து சேர்ந்தன. 'ராம்' எனப்படும் நினைவகத்தில்தான் அவருடைய மகத்துவம் வெளிப்பட்டது.

முதலில் தலைமுறை பார்த்தார். நாலாம் தலைமுறை ராம், ஐந்தாம் தலைமுறைப் பலகையில் நுழையவே நுழையாது. அடுத்து வேகம், மின்னழுத்தம். பிறகு உயரம், கூடினால் விசிறியில் இடிக்கும். பலகை செய்த கம்பனிக்குத் தொலைபேசி எடுத்து, "இது உங்கள் பலகையோடு முன்பு ஒத்துப்போயிருக்கிறதா?" என்று ஜெர்மன் மொழியில் விசாரித்தார். கலர் கலராக மின்னிய ஒரு சோடியை, 'அடக்கம் போதாது' என்று தள்ளிவிட்டார்.

பிராங்பேர்ட்டில் கணினித் துறையில் இருக்கும் தங்கை மகன் ரஜிதன், "மாமா, ஏதாவது நல்லதா வாங்கிப் போடுங்கோ" என்றான். அன்றோடு அவனுடன் பேச்சு நின்றது.

மனைவி கமலநாயகிக்கே பொறுமை போய்விட்டது. "இஞ்சாருங்கோ, இதுக்குப் போய் இவ்வளவு பாக்கிறதே?"

"ஒருக்காப் பூட்டினால் பூட்டினதுதான், கமலம். ஒண்டுக்கொண்டு ஒத்துவராட்டி எந்த நேரமும் நிண்டுபோகும். பிள்ளைதானே கிடந்து அந்தரிக்கப்போறாள்? பிறகு ஆர் பதில் சொல்லுறது?"

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராம் பூட்டப்பட்டது. அரியரத்தினம் பொத்தானை அழுத்தினார். விசிறி சுழன்றது, திரை கறுப்பாகவே இருந்தது. கமலநாயகி நெஞ்சில் கை வைத்தாள்.

"பயப்பிடாத. முதல் தரம் பலகையும் ராமும் பழகவேணும். அவசரப்படுத்தக்கூடாது."

அப்போது கைபேசி அடித்தது. ஹனோவரிலிருந்து கலியாணத் தரகர் இராசலிங்கம்.

"அண்ணை, கஜந்திக்கு ஒரு இடம் வந்திருக்கு. எங்கட ஊர் ஆக்கள், சொந்த வீடு. இப்பவே ஓம் எண்டால் ஆவணியில மண்டபமும் இருக்கு."

"அப்ப ஓம். மண்டபத்தைப் பிடியுங்கோ."

பேச்சு முடிந்தது. திரை இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது.

கஜந்தி கையிலிருந்த திருப்புளியை மேசையில் வைத்தாள். "ஆரப்பா பெடியன்?"

"நல்ல இடம், பிள்ளை."

"பேர் என்ன?"

அரியரத்தினம் கூரையைப் பார்த்தார். "அது... தரகரிட்டைக் கேட்டுச் சொல்லுறன்."

திரை பளிச்சென்று ஒளிர்ந்தது. "பொருந்தியிட்டுது!" என்று அவர் கண் கலங்கினார்.

கஜந்தி கைபேசியை வாங்கித் தரகரை அழைத்து, மண்டபம் வேண்டாம் என்றாள். பிறகு தகப்பனைப் பார்த்துச் சொன்னாள்:

"அடுத்த பிறப்பில ராமாப் பிறக்கிறன் அப்பா. அப்பவெண்டாலும் விசாரிச்சுப் பூட்டுவியள்."