மஞ்சள் கோட்டுக்கு வெளியே

காஞ்சிபுரத்தில் சாமி பார்க்க நான் வரிசையில் நின்ற நேரம், வருமானச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசில் நின்ற நேரம், ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸுக்கு நின்ற நேரம் எல்லாவற்றையும் கூட்டினாலும், ‘எதுக்கு’ என்னை வெயிலில் நிறுத்திய ஒரு பகலுக்கு ஈடாகாது. இதை எழுதும்போதுகூட உச்சந்தலை சுடுகிறது. அங்கே முடி இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

‘எதுக்கு’ என்பது ஒரு மனிதர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். எந்தக் காகிதத்தை நீட்டினாலும், வாங்குவதற்கு முன்னால் “எதுக்கு?” என்று கேட்பார். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. ரேஷன் கார்டை நீட்டினால் ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம். மே மாதத்தில் பிள்ளையின் மார்க் ஷீட்டை நீட்டினால் தொலைந்தீர்கள்.

கடை வாசலில் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டிருந்தார். பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த பிள்ளை கோட்டுக்கு உள்ளே, ஃபேனுக்கு அடியில், ஸ்டூலில் உட்காரும். பெற்றவர் கோட்டுக்கு வெளியே, தார் ரோட்டில் நிற்க வேண்டும். இது எந்த ஊர் நியாயம்? பெற்று, வளர்த்து, டியூஷனுக்கு சைக்கிளில் வைத்து மிதித்தவனுக்கு வெயில். பல் தேய்க்கப் பத்து முறை கூப்பிட வேண்டிய பிள்ளைக்கு ஃபேன். ஆனாலும் அவரிடம்தான் போனோம். அவர் கம்ப்யூட்டரில் நிரப்பிய விண்ணப்பம் எதுவும் தவறென்று திரும்பி வந்ததில்லை.

ஒருநாள் பட்டுக்கடைக்காரர் ஒருவர் பையனோடு வந்தார்.

“பையனுக்கு என்ஜினியரிங் போடுபா.”

“எதுக்கு?”

“பொண்ணு பாக்கும்போது சொல்லிக்கலாம்ல.”

“அப்ப கல்யாணப் பத்திரிகையே அடிச்சிக் குடுத்துடறேன், எடுத்துக்கினு போ. நாலு வருஷம் மிச்சம்.”

இன்னொரு நாள் ஏனாத்தூரிலிருந்து வந்த ஓர் அம்மா, பக்கத்து வீட்டுப் பையன் எடுத்த படிப்பையே தன் பையனுக்கும் போடச் சொன்னார். “அவன் செருப்பு உம் புள்ளைக்குச் சேருமாம்மா? போட்டுப் பாத்துட்டு வா” என்று அனுப்பிவிட்டார். அந்த அம்மா நிஜமாகவே போட்டுப் பார்த்துவிட்டு மறுநாள் வந்தார். கச்சிதமாகச் சேர்ந்திருந்தது. அன்று முழுவதும் ‘எதுக்கு’ யாரையும் ஒன்றும் கேட்கவில்லை என்பார்கள்.

பிள்ளைகளிடம் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: “போன ஞாயித்துக்கெழம இன்னா பண்ணே?” லட்சியம் என்ன, கனவு என்ன என்றெல்லாம் கேட்டால் பிள்ளைகள் அப்பா சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்குமாம், ஞாயிற்றுக்கிழமையை மட்டும் யாரும் சொல்லிக்கொடுத்து அனுப்புவதில்லையாம். ஒரு பையன் “தூங்கினேன் சார்” என்றான். “கவர்மென்ட் வேலைக்குப் பரீட்சை எழுது” என்றார். அரசு அலுவலகக் குமாஸ்தாவான நான் அப்போது பின்னால் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு நாள் ஆபீசில் கண்ணை மூடவே பயமாக இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் என் மகள் மதி பத்தாவது முடித்தாள். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் டிப்ளமோ சேர்வேன் என்றாள். எனக்குக் கொதித்துவிட்டது. என் மகள் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக அலைவதா? பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் குரூப், அப்புறம் என்ஜினியரிங், அப்புறம் ஏசி அறை. இதுதான் திட்டம். வீட்டில் சண்டை முற்றியதும், சரி, கடவுளே சொல்லட்டும் என்று பூப்போட்டுப் பார்த்தேன். வெள்ளைப்பூவை ஒரு பொட்டலம், சிவப்புப்பூவை ஒரு பொட்டலம் கட்டி, சந்நிதியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னேன். பெரிய காஞ்சிபுரத்தில் சிவன் கோயிலிலும் பார்த்தேன், சின்னக் காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயிலிலும் பார்த்தேன். இரண்டிலும் கம்ப்யூட்டர்தான் வந்தது. இந்த ஊரில் சைவமும் வைணவமும் ஒத்துப்போன விஷயம் என் மகளுடைய குரூப் ஒன்றுதான்.

மறுநாள் மதியும் நானும் பிளஸ் ஒன் சேர்க்கைக்காக மார்க் ஷீட்டை ஜெராக்ஸ் எடுக்கப் போனோம். அன்று பாலிடெக்னிக் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். அது எனக்கும் தெரியும். தெரியாததுபோல் இருந்தேன்.

“எதுக்கு?”

“கம்ப்யூட்டர் குரூப்புக்கு. சாமியே உத்தரவு குடுத்தாச்சு” என்றேன், கோட்டுக்கு வெளியிலிருந்து.

அவர் மதியைப் பார்த்தார். “இன்னாமா உத்தரவு?”

“வெள்ளைப்பூன்னா கம்ப்யூட்டரும் கணக்கும் சார். சிவப்புப்பூன்னா கம்ப்யூட்டரும் பயாலஜியும்.”

‘எதுக்கு’ என் பக்கம் மெதுவாகத் திரும்பினார். “ரெண்டு பொட்டலத்துலயும் கம்ப்யூட்டர வெச்சிக் கட்டினா சாமி வேற எத்தய்யா எடுத்துக் குடுக்கும்? இந்தப் பொண்ணு கேட்டது எந்தப் பொட்டலத்துல இருந்துச்சு?”

“அதுக்குப் பூ வாங்கல” என்றேன். வேறு என்ன சொல்வது?

பக்கத்தில் கரும்புச்சாறு பிழிந்துகொண்டிருந்தவர் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் மகள், என் வீடு, என் பொட்டலம். “நீர் என்னய்யா படிச்சீர்?” என்று கத்தினேன்.

“பி.காம்.”

“அதை எதுக்குப் படிச்சீர்?”

“எங்கப்பாவுக்குப் புடிச்சிருந்துச்சி” என்றார். சொல்லிவிட்டு மதியிடம் திரும்பி, “நீ சொல்லுமா. போன ஞாயித்துக்கெழம?” என்றார்.

“அப்பா ஃபேன் ரெகுலேட்டர் மாத்தினாரு சார். அதிலேர்ந்து காலிங் பெல் அடிச்சா ஃபேன் சுத்துது. அத்த சரி பண்ணேன்.”

அவர் கம்ப்யூட்டரில் பாலிடெக்னிக் விண்ணப்பத்தைத் திறந்து தட்ட ஆரம்பித்தார். பாதியில் மேஜைக்கு அடியிலிருந்த எக்ஸ்டென்ஷன் போர்டில் சடசடவென்று பொறி பறந்தது. கடை இருண்டது, நிரப்பியதெல்லாம் போயிற்று. நான் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடினேன், அவர் மேஜைக்கு அடியில் குனிந்தார்.

“ரெண்டு பேரும் கை வெக்காதீங்க. வெளிய நில்லுங்க” என்றாள் மதி.

நின்றோம். தார் ரோட்டில், மஞ்சள் கோட்டுக்கு வெளியே, ‘எதுக்கு’ என் பக்கத்தில். அவருக்கும் உச்சந்தலையில் முடி இல்லை என்பதை அன்றுதான் கவனித்தேன். உள்ளே அவள் மெயினை அணைத்து, கருகிய ஒயரை வெட்டி, சீவி, முறுக்கி, டேப் சுற்றினாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஃபேன் சுற்றியது. காலிங் பெல் எதுவும் அடிக்கவில்லை.

“டைம் இல்ல, மறுபடி போடணும். நீ உள்ள வந்து படிய்யா, நான் அடிக்கறேன்” என்றார். அந்தக் கோட்டைத் தாண்ட எனக்குத் தெரிந்து எந்தத் தகப்பனையும் அவர் அழைத்ததில்லை. பெயர், பிறந்த தேதி, மதிப்பெண் எல்லாம் படித்தேன். பாடப்பிரிவு என்ற கட்டம் வந்ததும் விரலைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். மதி தரையைப் பார்த்தாள். அவள் கையில் இன்னும் கரி இருந்தது.

“எலக்ட்ரிகல்னு போடுங்க” என்றேன்.

“எதுக்கு?”

“எங்க வீட்டு ஃபேனுக்கு.”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து போகும்போது ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டார்.

போன வருஷம் அந்த வரிசைக் கடைகளை இடித்துவிட்டார்கள். அவர் எங்கே போனார் என்று கரும்புச்சாறுக்காரருக்கும் தெரியவில்லை. மதி இப்போது கடைசி வருஷம். அவளுடைய தொழிற்சாலைப் பயிற்சிக்கு ஏதோ சான்றிதழ் நகல் வேண்டும் என்று போன வாரம் ஒரு புதுக் கடைக்குப் போனேன். ஏசி போட்ட கடை. “எத்தினி காப்பி சார்?” என்று கேட்டார்கள். அவ்வளவுதான், அரை நிமிஷத்தில் கையில் கொடுத்துவிட்டார்கள்.

வெளியே வந்து, வண்டியை எடுக்காமல், கொஞ்ச நேரம் வெயிலில் நின்றேன்.