நான் பொன்னாடை போர்த்திய வேட்பாளர்கள்

செலியமேடு,
பாகூர் வழி.
திங்கட்கிழமை.

அன்பு மகளும், செங்கழுநீர்ப்பேட்டை தொகுதியின் தையல் மெஷின் சின்னத்துச் சுயேச்சை வேட்பாளருமான இளவரசிக்கு, அப்பா உலகநாதன் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், மாடும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் வியாழக்கிழமை ஓட்டுப்பதிவை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை சௌக்கியமாக இருந்த வேட்பாளரை நான் இதுவரை பார்த்ததில்லை, அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். போன் செய்யாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். மூன்று தடவை செய்தேன். உன் போன் இப்போது உன்னிடம் இல்லை போலிருக்கிறது. எடுத்த தொண்டர், "சொல்லுங்க சார், எந்தத் தெரு?" என்றார். "நான் அப்பா" என்றேன். "சரிங்க அப்பா, எந்தத் தெரு?" என்றார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு புகாரைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

விஷயம் இதுதான். நான் அங்கே வரப்போவதில்லை. பிரசாரத்துக்கும் வரமாட்டேன், ஓட்டுப் போடவும் வரமாட்டேன். மகள் எலெக்‌ஷனில் நிற்கிறாள், அப்பன் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறானே என்று ஊர் பேசும். பேசட்டும். காரணம் உனக்கு அரைகுறையாகத் தெரியும், முழுசாகத் தெரியாது. ஏனென்றால் அது நடந்த காலத்தில் நீ பாவாடை சட்டை. நம் தொகுதியின் அரசியல் வரலாற்றை நான் பத்தாவது வரை படித்த அறிவில் எழுதுகிறேன், பிழை இருந்தால் ஆசிரியை என்ற முறையில் திருத்திக்கொள்.

மில்லில் பிட்டர் வேலை கிடைத்து நானும் உன் அம்மாவும் பேட்டைக்குக் குடி வந்தபோது அந்த வீடு ஒரு சொல்தாவுடையது. பிரெஞ்சு பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற பெரிய மனிதர், தெருவில் எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் பொன்னாடை போர்த்துவது அவர் உரிமை. நம் புதுச்சேரி தொகுதி எவ்வளவு சின்னது என்று உனக்கே தெரியும், இந்த முனையில் மிளகாய் தாளித்தால் அந்த முனையில் தும்முவார்கள். அதனால் எம்.எல்.ஏ. ஆனவர் காதுகுத்துக்கும் வரவேண்டும், கருமாதிக்கும் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த தேர்தலில் அவருக்குக் கருமாதி. அப்போது எம்.எல்.ஏ.வாக இருந்தவர் மருந்துக்கடை சிவப்பிரகாசம், வாளி சின்னம். நின்ற தேர்தலில் எல்லாம் ஜெயித்தவர். ஓட்டு கேட்டு நம் தெருவுக்கு வந்த அன்றைக்கு சொல்தாவுக்கு மூட்டுவலி, நாற்காலியைவிட்டு எழ முடியவில்லை. "உலகநாதா, நீ போடு" என்று சால்வையை என் கையில் திணித்தார். அதுதான் வினை. சிவப்பிரகாசம் உயரம், நான் குள்ளம். எம்பிப் போட்டதில் சால்வை தோளுக்குப் போகாமல் தலையோடு மூடிக்கொண்டது. அவர் உள்ளிருந்தபடியே கை கூப்பினார். எண்ணிப் பார்த்தபோது நம் தெரு ஓட்டைவிடக் குறைவான ஓட்டில் தோற்றிருந்தார். அப்போது யாருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கும்தான்.

ஜெயித்தவர் லாரி ஓனர் தனகோட்டி, கூடை சின்னம். இந்தத் தனகோட்டியின் மகன் நவீன்குமார்தான் இன்று உன்னை எதிர்த்து நிற்பது என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படி. தனகோட்டி கூடையில் ஜெயித்து, மாலை வாடுவதற்குள் வாளிக்குப் போய், மந்திரியாகி, மந்திரி காரில் ஒரு ரவுண்டு வருவதற்குள் ஆட்சி கவிழ்ந்துவிட்டது. மறுபடி தேர்தல். தனகோட்டி வாளிக்குப் போய்விட்டதால் சிவப்பிரகாசத்துக்கு அங்கே இடம் இல்லை, அவர் கூடைக்கு வந்துவிட்டார். அதே இரண்டு பேர், அதே இரண்டு ஜீப், சின்னம் மட்டும் கைமாறி நின்றது. ஜனங்களுக்கு ஆளைப் பார்த்துப் போடுவதா சின்னத்தைப் பார்த்துப் போடுவதா என்று குழப்பம். எனக்கு மட்டும் குழப்பமில்லை. பாவம் சிவப்பிரகாசம் போன தடவை தோற்றுவிட்டாரே என்று இரக்கப்பட்டு, இந்தத் தடவை ஸ்டூல் போட்டு ஏறி, அழகாகத் தோளில் போர்த்தினேன். டெபாசிட் போய்விட்டது. அடுத்த வாரம் தலைவலி மாத்திரை வாங்கக் கடைக்குப் போனேன். சிவப்பிரகாசமே கல்லாவில் உட்கார்ந்திருந்தார். "உலகநாதா, உம்மேல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. ஆனா இனிமே மாத்திர வேணும்னா வேற கடைல வாங்கிக்கபா" என்றார்.

மூன்றாவது, நம் சேவியர். ஆட்டோ சங்கத் தலைவர். தனகோட்டியை எதிர்த்து நின்றார். நான் பொன்னாடை பக்கமே போகவில்லை, ஓட்டு எண்ணும் இடத்தில் ஏஜெண்டாக மட்டும் உட்கார்ந்தேன். எண்ணி முடித்தால் இரண்டு பேருக்கும் சரிசமம். திரும்ப எண்ணினார்கள், திரும்பவும் சரிசமம். சட்டப்படி சீட்டுக் குலுக்கிப் போடவேண்டும் என்று அதிகாரி சொல்லிவிட்டார். இரண்டு சீட்டை மடித்து டப்பாவில் போட்டுக் குலுக்கும்போது சேவியருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. மனிதர் மயங்கிவிடப்போகிறாரே என்று, இளவரசி, சத்தியமாக அந்த ஒரு காரணத்துக்காக, அவர் தோளில் கை வைத்தேன். அதிகாரி சீட்டைப் பிரித்து "தனகோட்டி" என்று படித்தார். நாங்கள் வெளியே வருவதற்கு முன்பே செய்தி பேட்டைக்குப் போய்விட்டது. சீட்டில் தோற்றார் என்று ஒருவரும் சொல்லவில்லை, "உலகநாதன் தோள்ல கைய வெச்சானாம்" என்றுதான் சொன்னார்கள். சேவியர் நேராக ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் சம்சாரம் லில்லிதான் நம் வீட்டுக்கே வந்து, "அண்ணே, நீங்க தங்கமானவரு. ஆனா அடுத்த எலெக்சன் முடியற வரைக்கும் எங்க தெருவு வழியா போவாதீங்கண்ணே" என்று கேட்டுக்கொண்டது.

அதற்குப் பிறகு என் செல்வாக்கு ஏறிய கதையைக் கேள். அடுத்த தேர்தலில் தனகோட்டியை எதிர்த்த கோஷ்டிக்காரர்கள் ஆட்டோ வைத்து, சரிகை போட்ட சால்வை ஒன்றை வாங்கி, "அண்ணே, நீங்க எங்களுக்கு ஓட்டுப் போட வேணாம், தனகோட்டிக்கு இத்த போட்டுட்டு வந்தா போதும்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எனக்கும் ஒரு குறுகுறுப்பு, போனேன். தனகோட்டி ஜீப்பில் நின்று கும்பிட்டுக்கொண்டு வாய்க்கால் ஓரமாக வருகிறார். நான் சால்வையை விரித்துக்கொண்டு எதிரே போகிறேன். அவருடைய ஆட்கள் கைகோத்துச் சுவர் மாதிரி நின்று, "அந்தாளு வர்றான், கிட்ட வுடாத" என்கிறார்கள். நான் இடது பக்கம் போனால் அவர்களும் இடது பக்கம் வருகிறார்கள், வலது பக்கம் போனால் வலது பக்கம் வருகிறார்கள், சடுகுடு மாதிரி. தனகோட்டிக்குப் பொறுக்கவில்லை, "ரிவர்ஸ் எட்றா" என்றார். டிரைவர் எடுத்தான். பின்னால் இருந்தது வாய்க்கால். மூடித் தருகிறேன் என்று தேர்தலுக்குத் தேர்தல் தனகோட்டி பூமிபூஜை போட்ட அதே வாய்க்கால். ஜீப்பின் பின்பாதி உள்ளே போய், அவர் ஆகாயத்தைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றார். பூமிபூஜை போட்டவரையே பூமி வாங்கிக்கொண்டது என்று ஊரே சிரித்தது. தோற்றார். நான் சால்வையைப் போடவேயில்லை, அதை யார் கேட்டார்கள்? ஜெயித்தவர் பெயர் எனக்கு மறந்துவிட்டது, ஏனென்றால் அவரும் அந்த வாய்க்காலை மூடவில்லை. மழைக்கு மழை அந்தச் சாக்கடை வீட்டுக்குள் வருகிறது என்றுதானே நீ தனியார் பள்ளிக்கூட வேலையையும் பார்த்துக்கொண்டு இந்தத் தேர்தலில் நிற்கிறாய்.

ரிட்டயர் ஆகி, உன் அம்மாவின் பங்கு நிலத்தைப் பார்க்க நாங்கள் செலியமேட்டுக்குப் புறப்பட்டபோது எல்லாக் கட்சியும் சேர்ந்து எனக்கு வழியனுப்பு விழா நடத்தினார்கள். பேட்டை வரலாற்றில் எல்லாக் கட்சியும் ஒரே மேடையில் நின்றது அந்த ஒரு நாள்தான். எனக்கு அவர்கள் பொன்னாடை போர்த்தினார்கள். பதிலுக்கு நான் யாருக்காவது போர்த்திவிடக்கூடாதென்று ஒருவர் விழா முடிகிறவரை என் வலது கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். நீ மனுத் தாக்கல் செய்த மறுநாள் மாப்பிள்ளை குமரவேல் போன் செய்தார். நல்ல பிள்ளை, என் மனது நோகக்கூடாதென்று சுற்றி வளைத்தார்.

"மாமா, இங்க வெயில் ஜாஸ்தி மாமா. நீங்க அங்கயே இருந்து ரெஸ்ட் எடுங்க."

"அங்க இருந்து இங்க எவ்ளோ தூரம் மாப்ள? அதே வெயில்தான் இங்கயும்."

"அது கிராமத்து வெயிலு மாமா. இது டவுன் வெயிலு."

எங்கள் இரண்டு பேர் பெயரும் இன்னும் பேட்டை ஓட்டர் லிஸ்டில்தானே இருக்கிறது, ஓட்டுக்காவது வரவேண்டாமா என்றேன். ஓட்டு வேண்டும், ஆள் வேண்டாம், இதை எப்படி மாமனாரிடம் சொல்வது என்று பிள்ளை தவித்தது எனக்கே கேட்டது. "எம்பத்தஞ்சு வயசு ஆனவங்க வூட்ல இருந்தே போடலாமாம். விசாரிச்சேன். உங்களுக்கு இன்னும் வயசு பத்தல மாமா" என்றார், நான் ஏதோ முன்னேறாமல் இருந்துவிட்டது மாதிரி.

பக்கத்து நிலத்துக்காரர் ஒரு யோசனை சொன்னார். "நீ தொட்டது தோக்கும்னா, போயி நவீன்குமாருக்கு ஓட்டுப் போட்டுட்டு வாயேன்யா, உம்பொண்ணு ஜெயிச்சிடும்" என்றார். கணக்குச் சரிதான். நான்கு நாள் யோசித்தேன். உனக்கு எதிராகப் பொத்தானை அமுக்கி உன்னை ஜெயிக்கவைக்கிற அளவுக்கு என் ராசியின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. துணிந்து உனக்கே அமுக்குகிற அளவுக்கு அந்த நம்பிக்கை போய்விடவும் இல்லை.

நேற்று நடந்ததுதான் உச்சம். வாசலில் ஏசி கார் ஒன்று வந்து நின்றது. வெள்ளைச்சட்டைக்காரர் ஒருவர் இறங்கி, காலைத் தொட்டுக் கும்பிட்டு, "அய்யா, நவீன்குமார் அண்ணன் அனுப்பனாரு. எதிரியா இருந்தா இன்னா, பெத்த அப்பா பக்கத்துல நின்னு ஆசீர்வாதம் பண்ண வேணாமான்னு ரொம்ப வருத்தப்பட்டாரு. இன்னைக்கு உங்க பொண்ணு ஊர்வலம் இருக்குது, நீங்க போயி இத்த போட்டுடுங்க" என்று பட்டுச் சால்வை ஒன்றை நீட்டினார். சூது தெரியாமல் இல்லை. ஆனால் ஊர்வலத்தில் உன்னை ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று ஒரு ஆசை வந்து, ஒரு காலைக் காருக்குள் வைத்துவிட்டேன். உன் அம்மா கொல்லைப்பக்கத்திலிருந்து வந்து என் சட்டைக் காலரைப் பிடித்தாள். "இந்தாய்யா, எறங்கு. தனகோட்டி புள்ள கார்ல போயி எம்பொண்ணு வாசல்ல எறங்குவியா நீ?" நான் இறங்கிப் பின்வாசல் வழியாகக் கரும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். கார் போகிறவரை வெளியே வரவில்லை. டிரைவருக்கு உன் அம்மா இட்லி வைத்திருக்கிறாள். அவர் சம்சாரம் தையல் மெஷினுக்குத்தான் போடப்போகிறதாம், புருஷனுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறதாம்.

கரும்பின் காய்ந்த சோகை இலை கிழித்த கையோடு வந்த என்னைப் பார்த்து உன் அம்மா சொன்னதையும் எழுதிவிடுகிறேன்.

"ராசியாவது மண்ணாவது. துட்டு குடுக்காதவனா பாத்துப் பாத்து சால்வ போட்ட. அவன் தோக்காம இன்னா பண்ணுவான்?"

"சிவப்பிரகாசம் குடுத்தாரேடி."

"பாதித் தெருவுக்குக் குடுத்தாரு. மீதிப் பாதி தோக்கடிச்சிது."

அவள் சொல்வதில் நியாயம் இருக்கலாம். நீயும் யாருக்கும் ஒரு பைசா கொடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன், அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. மனுத் தாக்கல் செய்த அன்று போனில் நேரலையாகக் காட்டினார்கள். நீ படியேறி, உள்ளே போகிறதற்கு முன்னால், யாராவது வந்திருக்கிறார்களா என்கிற மாதிரி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாய். என் பார்வை பட்டுவிடப்போகிறதே என்று நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அதைப் பற்றி இதற்குமேல் எழுதவில்லை.

ஆகவே என் முடிவில் மாற்றம் இல்லை. வியாழக்கிழமை நான் கரும்புக்குள்தான் இருப்பேன். உன் பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்லமாட்டேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு, தொண்டைக்கு வெந்நீர் குடி, ஜெயித்தாலும் தோற்றாலும் அந்த வாய்க்காலை விடாதே. நம் பாகூர் மூலநாதர் சாமி உன் பக்கம் இருப்பார், அவருக்கு எந்தக் கட்சியிலும் பழக்கம் இல்லை. மாப்பிள்ளைக்கு என் மரியாதையைச் சொல். உன் அம்மா உனக்குத் திருஷ்டி கழிக்கிறாள், நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் நன்மைக்காக உன்னைவிட்டு விலகியிருக்கும்
அப்பா,
உலகநாதன்.

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்க இன்று செவ்வாய்க்கிழமை பாகூர் வந்தேன். எப்போது போய்ச் சேரும் என்று கேட்டதற்கு, வெள்ளிக்கிழமை என்றார்கள். ஓட்டெல்லாம் போட்டு முடித்த பிறகு, நான் வரமாட்டேன் என்கிற கடிதம் வந்து உனக்கு என்ன பிரயோஜனம்? அதனால் கையிலேயே கொடுத்துவிடலாம் என்று பஸ் ஏறிவிட்டேன், எழுத்து கோணல்மாணலாக இருப்பது அதனால்தான். தபால் போட எதற்குப் பட்டுப்புடவை என்று நான் காலையில் கேட்டபோது உன் அம்மா பூ வைத்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள். இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள், இரண்டு பேருடைய ஓட்டர் கார்டும் அவள் மடியில்தான் இருக்கிறது. மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் முதலில் அவரை ஒரு நாற்காலியில் உட்காரச் சொல். அப்புறம் நீ நிமிர்ந்து பார், எதிரே நிற்கிறேன்.